இட்லி மாவா, வீட்டு ரொட்டியா?

புதுச்சேரியில் பிரெஞ்சு நீள ரொட்டி பேக்கரியிலேயே கிடைத்தாலும், புதிதாக ஓவன் வாங்கிய இளம் பெற்றோர், வாரக் காலைகளுக்காக ஞாயிறன்று மாவரைப்பதா, ரொட்டி சுடுவதா என்று தயங்குவது இயல்பே.

செலவு
இட்லி: அரிசியும் உளுந்தும் போதும், கிரைண்டர் பெரும்பாலும் வீட்டில் இருக்கும்.
ரொட்டி: மைதாவும் ஈஸ்டும் மலிவுதான், ஓவனின் விலைதான் சுமை.

பக்குவம்
இட்லி: நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து சேர்த்தரைத்த மாவு, கடலோர வெக்கையில் ஓரிரவிலேயே நன்கு புளித்துவிடும், சித்திரையில் பொங்கி வழியாமல் பெரிய பாத்திரம் வேண்டும்.
ரொட்டி: 500 கிராம் மைதாவுக்கு 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போதும் என்றாலும், இதே வெக்கையில் மாவு மளமளவென்று உப்பிச் சுவை மட்டுப்படுமாதலால், குளிர்ந்த நீரில் பிசைவது நல்லது.

காலை நேரம்
இட்லி: வேக 10 முதல் 12 நிமிடம், உண்மையான வேலை சட்னிதான்.
ரொட்டி: வாட்டி வெண்ணெய் தடவினால் முடிந்தது, பிள்ளைகளே எடுத்துக்கொள்வர்.

இருப்பு
இட்லி மாவு: குளிர்பெட்டியில் நான்கைந்து நாள், புளிப்பேறினால் ஊத்தப்பம்.
ரொட்டி: ஈரக்காற்றில் விரைவில் பூஞ்சை பிடிக்கும், துண்டுபோட்டு உறைபெட்டியில் வைக்க வேண்டும்.

இருவரும் எட்டு மணிக்குள் வேலைக்குக் கிளம்பும் வீட்டுக்கு, ஓவன் ஏற்கெனவே இருந்தால், ரொட்டி கைகொடுக்கும். கைக்குழந்தையோ முதியவரோ இருக்கும் வீட்டுக்கு இட்லியே ஏற்றது. ரொட்டிக்காக மட்டும் ஓவன் வாங்குவதை, பக்கத்துத் தெருவில் நல்ல பேக்கரி உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.