பாளையங்கோட்டை ஈரானி டீ: பால் பிரமாதம், டிக்காக்‌ஷன் அவசரம்

யஸ்த், கெர்மான் பக்கமிருந்து பம்பாய்க்குப் பிழைக்க வந்த ஈரானியர் கடைகளின் டீ, பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கமும் வந்துவிட்டது. ஈரானில் டீக்குப் பால் விடுவதில்லை. கட்டிச் சர்க்கரையைப் பல்லிடுக்கில் வைத்துக் குடிப்பார்கள். பால் சேர்ந்தது இங்கே வந்தபிறகுதான்.

இந்தக் கடையில் பால் அருமை. லிட்டர் பாலை முக்காலாகச் சுண்டும்வரை சிறுதீயில் கிண்டுகிறார்கள். கிளாஸ் விளிம்பில் ஏடு ஒட்டி நிற்கிறது. கோளாறு டிக்காக்‌ஷனில்தான். மூடியைச் சுற்றி மாவு அப்பி, அரைமணி நேரமாவது தம்மில் விடவேண்டும். திறந்துபோட்டுக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய், துவர்ப்பு மட்டும் நாக்கில் நிற்கும். அதுதான் நடக்கிறது.

பன் மஸ்காவில் வெண்ணெய் தாராளம். உஸ்மானியா பிஸ்கட்டை முக்கியதும் எடுத்துவிடுங்கள், கரைந்துவிடும். அல்வா தின்ற வாயோடு போகாதீர்கள், டீ சப்பென்றிருக்கும்.