பாத்ரூம் கசிவுக்கு பிளம்பர் கூப்பிடப் போகிறீர்களா? 18,500 ரூபாய் இழந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்

18,500 ரூபாய். இனி அது திரும்பி வராது என்று நேற்று ராத்திரிதான் தெளிவாகத் தெரிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலி வழியாக வந்தவன் எங்களை எப்படி மொட்டையடித்தான், அப்புறம் செயலிக்காரர்கள் எப்படிக் கையை விரித்தார்கள் என்று முழுசாகச் சொல்கிறேன். பிளம்பர் கூப்பிடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

மடிப்பாக்கத்தில் பழைய அப்பார்ட்மென்ட், நாங்கள் இரண்டாம் மாடி. எங்கள் பாத்ரூமுக்கு நேர் கீழே அவர்கள் வீட்டு சீலிங்கில் ஈரம் ஊறுகிறது என்று கீழ்வீட்டு மாமி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கழிவுக் குழாய் ஸ்லாபுக்குள் நுழையும் இடத்தைச் சுற்றிப் பெயின்ட் உரிந்து பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. ஒருநாள் அதைப் போட்டோ எடுத்து அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். எங்களுக்கு வழக்கமாக வரும் பிளம்பர் பெரியவர் மகள் வீட்டு விசேஷத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். சரி, செயலியில் பார்ப்போம் என்று என் வீட்டுக்காரர் பதிவு போட்டார். ஆள் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை டிக், கிட்டத்தட்ட ஐந்து ஸ்டார், வந்து பார்க்க 199 ரூபாய்.

வந்தவனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, தரையில் அழுக்குப் படக்கூடாது என்று பேப்பர் கேட்டு வாங்கி விரித்து அதன்மேல் பையை வைத்தான். என் மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்து, "எங்க அம்மாவுக்கும் இதே வலிதாம்மா, நீங்க உக்காருங்க" என்றான். டீ கொடுத்தால் வேலை முடிச்சிட்டுக் குடிக்கிறேன் என்றான். அந்தப் பேச்சிலேயே மாமியார் விழுந்துவிட்டார்.

சுத்தியல் பிடியால் சுவரைத் தட்டித் தட்டி, டைல்ஸில் காதை வைத்துக் கேட்டான். "கேக்குதா அக்கா? உள்ள ஓடுது பாருங்க." நானும் காதை வைத்தேன், சளசளவென்று கேட்டது. அந்த நேரத்தில் மாடித் தொட்டிக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது என்பது பின்னால்தான் உறைத்தது. "சுவத்துக்குள்ள போற கன்சீல்டு லைன்ல எல்போ, அதான் வளைவு பைப், வெடிச்சிருக்கு. இப்படியே விட்டா கம்பி துருப்பிடிச்சு கீழ்வீட்டு சீலிங் பேந்து விழும். யார் தலையிலயாவது விழுந்தா யாருக்கா பதில் சொல்றது?" என்று ஒரு போடு போட்டான். 22,000 சொன்னவன், "அம்மா முகத்துக்காக" என்று 18,500-க்கு இறங்கினான். கூலி 9,000, பைப் சாமான் 6,500, வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் 3,000. செயலியில் இவ்வளவு பெரிய வேலைக்கு ரேட் கிடையாது, அதில் பார்வைக் கட்டணம் மட்டும் காட்டும், மீதியை நேராக என் நம்பருக்குப் போடுங்கள், வாரன்டி எப்படியும் செயலிதான் தரும் என்றான். முன்பணம் 10,000 அனுப்பினோம். பெயர் வேறு யாருடையதாகவோ வந்தது. கேட்டதற்கு மச்சான் கணக்கு என்றான்.

தூசி பறக்கும் என்று எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, குளியல் குழாய் மிக்ஸருக்குக் கீழே ஆறு டைல்ஸை உடைத்தான். முடித்துவிட்டுக் கூப்பிட்டு, உள்ளங்கையில் ஒரு பைப் துண்டை வைத்துக் காட்டினான். வெள்ளை எல்போ, ஓரத்தில் முடி கனத்துக்கு விரிசல், காய்ந்த சிமென்ட் ஒட்டியிருந்தது. "நல்ல நேரத்துல பார்த்தோம்கா." கீழ்வீட்டு மாமிக்கு அனுப்ப அதையும் ஒரு போட்டோ எடுத்தேன். மீதி 8,500 போனது. அதற்கு மேல் மாமியார் தன் சுருக்குப் பையிலிருந்து 200 ரூபாயை எடுத்து, "சாப்பிடு தம்பி" என்று கையில் திணித்தார். அந்த 200-ஐ நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

ஈரம் நிற்கவில்லை. அவனுக்குப் போன் போட்டால் முதலில், "சிமென்ட் ஈரம் இழுக்கும்கா, காயட்டும்." அடுத்து, "சைட்ல இருக்கேன், சாயங்காலம் வந்துடறேன்." எந்தச் சாயங்காலம் என்று கேட்க விட்டுப்போயிற்று. அப்புறம் எப்போது அடித்தாலும் பிஸி. மாமியார் போனிலிருந்து போட்டால் உடனே எடுத்து "சொல்லுங்க சார்" என்றான், என் குரலைக் கேட்டதும் கட். அதோடு அந்த நம்பரையும் பிளாக் செய்துவிட்டான்.

பெரியவர் ஊரிலிருந்து வந்ததும் கூட்டிவந்தோம். அவர் சுவர்ப் பக்கமே போகவில்லை. கீழ்வீட்டு மாமியிடம் ஒரே ஒரு கேள்வி: "எப்பவும் ஊறுதா, இவங்க குளிச்ச அப்புறம் ஊறுதா?" குளித்த அப்புறம்தான், நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது காய்ந்தே கிடந்தது என்றார் மாமி. "அப்ப பைப் லைன் இல்லம்மா" என்றார் பெரியவர். நல்ல தண்ணீர் லைனில் எப்போதும் தொட்டியின் அழுத்தம் இருக்கும், அதில் விரிசல் என்றால் வீட்டில் ஆளே இல்லாவிட்டாலும் ராத்திரி பகலாகக் கசியும். புழங்கும்போது மட்டும் ஊறினால் தரை, நஹானி ட்ராப் (தரைத் தண்ணீர் வடியும் வாய்), கழிவுக் குழாய் இந்த மூன்றில்தான் தேட வேண்டும். இருந்தாலும் பாத்ரூமுக்கு வரும் வால்வை மூடிவைக்கச் சொல்லி அதையும் உறுதி செய்துகொண்டார்.

பிறகு நஹானி ட்ராப் வாயைத் துணியால் அடைத்து, தரையில் தண்ணீர் தேக்கி அதில் சொட்டு நீலத்தைத் தாராளமாக ஊற்றினார். மறுநாள் காலையில் கீழ்வீட்டு சீலிங்கில் குழாயைச் சுற்றி வெளிர் நீலக் கறை. ட்ராப் மேலிருக்கும் சல்லடை மூடியைத் தூக்கிப் பார்த்தால் ட்ராப்புக்கும் டைல்ஸுக்கும் நடுவில் இருந்த ஒயிட் சிமென்ட் முழுக்கக் கரைந்து விரல் நுழையும் சந்து. பாத்ரூமை ஆசிட் ஊற்றிக் கழுவினால் சிமென்ட் பூச்சு இப்படித்தான் அரித்துப்போகுமாம். சுத்தம் செய்து காயவைத்து எபாக்ஸி க்ரவுட் என்ற தண்ணீர் புகாத பூச்சை அடைத்தார். சாமானோடு சேர்த்து 2,200 ரூபாய். ஈரம் நின்றுவிட்டது.

அப்போதுதான் அந்த எல்போ போட்டோவைக் காட்டினேன். பெரியவர் சிரித்தார். எங்கள் சுவருக்குள் ஓடுவது கீசருக்காகப் போட்ட, வெந்நீர் தாங்கும் கிரீம் கலர் சிபிவிசி பிளாஸ்டிக் பைப். போட்டோவில் இருப்பது வெள்ளை யுபிவிசி, வெந்நீருக்கே ஆகாதது. எந்த வீட்டிலோ கழற்றிய துண்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறான்! டைல்ஸ் இன்னும் ஒட்டாத மூலையில் சிமென்ட்டைச் சுரண்டினார். பழைய கிரீம் பைப் ஒரு கீறல் கூட இல்லாமல் அப்படியே இருக்கிறது. சுவரை உடைத்து, மறுபடி சிமென்ட் பூசியதற்கு 18,500.

செயலியின் உதவிப் பக்கத்தில் பேசுவது இயந்திரம். எதைச் சொன்னாலும் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்". மன்றாடி ஒரு மனுஷியைப் பிடித்தால், "எங்கள் பதிவில் 199 ரூபாய் பார்வை மட்டும்தான் இருக்கிறது மேடம், வெளியே கொடுத்த பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை." அவர் உங்கள் ஆள்தானே என்றால், "அவர் எங்கள் ஊழியர் அல்ல, பார்ட்னர்." போட்டோ, பணம் போன ரசீது எல்லாம் அனுப்பினேன். பதிலுக்கு அடுத்த சேவைக்கு 200 ரூபாய் கூப்பன் அனுப்பி, புகார் 'தீர்க்கப்பட்டது' என்று நேற்று ராத்திரி மூடிவிட்டார்கள். யாருக்குத் தீர்ந்தது? அவன் பக்கத்தில் இன்றும் பச்சை டிக் இருக்கிறது. நான் போட்ட ஒரு ஸ்டார் விமர்சனத்தைக் காணோம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். அதில் வழி பிறக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வீட்டிலிருந்தே இணையத்தில் தாக்கல் செய்யலாம். 18,500-க்காக அலைவதா என்கிறார் வீட்டுக்காரர். அலைவேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், மாமியார் மருந்துக்கு நேரமாகிவிட்டது. அவசரத்தில் சொல்கிறேன். கசிவு என்றதும் உளியை எடுக்கிறவனை உள்ளே விடாதீர்கள். முதலில் வால்வை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் தரையில் சொட்டு நீலம் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், அது பத்து இருபது ரூபாய்தான். சுவரை உடைத்தே ஆக வேண்டும் என்றால் பிரஷர் டெஸ்ட் (பைப்பில் தண்ணீரை அழுத்தி ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது) செய்து காட்டச் சொல்லுங்கள், கதவைச் சாத்த விடாதீர்கள். சாமானை நீங்களே கடையில் வாங்குங்கள், சிபிவிசி பைப்பில் ஐஎஸ் 15778 என்ற இந்தியத் தர எண் அச்சடித்திருக்கும். செயலியில் ஏறாத பணம் ஒரு பைசா கூடக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. உடைத்த ஆறு டைல்ஸும் இப்போது எங்கேயும் கிடைக்கவில்லை, அந்த மாடல் நின்று பல வருஷம் ஆகிவிட்டதாம். இளம்பச்சை, மேலே மெல்லிய வெள்ளைக் கோடு, 8-க்கு 12 இன்ச். பழைய வீட்டை இடிக்கிறவர்கள், பரணில் மிச்சம் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.