நமக்கு நாமே திட்டம்: பங்குத்தொகை கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தெருக்காரர்கள் ஒரு பங்கு பணம் போட்டால் மீதியை அரசு போட்டு வேலையை முடித்துக் கொடுக்கும். தமிழ்நாடு அரசின் நமக்கு நாமே திட்டம் சுருக்கமாக இவ்வளவுதான். 1997-98இல் வந்தது. 2011க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் ஓடியது. 2021இல் பழைய பெயருக்கே திரும்பியது. பூங்கா, விளையாட்டுத் திடல், அரசுப் பள்ளிச் சுற்றுச்சுவர், அங்கன்வாடி, ஊர்க்குளம் போன்ற வேலைகளுக்கு இதைவிட நல்ல வழி இப்போதைக்கு இல்லை. தெருச்சாலைக்கு மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வோம். சொத்துவரி வாங்கும் உள்ளாட்சியின் அடிப்படைக் கடமை அது. அதற்கும் பங்கு கட்டும் வழக்கம் வேரூன்றினால், கட்ட முடியாத தெரு வரிசையில் கடைசிக்குப் போய்விடும்.

பங்கு எவ்வளவு? மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒன்று. சென்னை மாநகராட்சியில் நீர்நிலைச் சீரமைப்பு என்றால் பாதி. 9 லட்ச ரூபாய் மதிப்பீட்டுக்கு மக்கள் பங்கு 3 லட்சம். 100 வீடுகள் சேர்ந்தால் வீட்டுக்கு 3,000. தனி ஆள், குடியிருப்போர் நலச்சங்கம், கம்பெனி என யாரும் கட்டலாம். கம்பெனியின் சி.எஸ்.ஆர். பணத்தை, அதாவது சமூகப் பணிக்கு ஒதுக்கும் நிதியை, நம்பி இறங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "தருகிறோம்" என்று அவர்கள் கொடுக்கும் கடிதம் பணமாகாது. அவர்களுடைய ஒப்புதல் மார்ச்சோடு முடியும் நிதியாண்டுக் கணக்கில் நகரும். நம் கோப்பு தாமதமானால் அந்தப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும்.

பெரும்பாலான சங்கங்கள் முதலில் தடுக்கி விழுவது மதிப்பீட்டில்தான். தெரிந்த மேஸ்திரியிடம் விலை கேட்டு, 6 லட்சம் என்றதும் 2 லட்சத்தை வசூலித்து வைத்துக்கொண்டு அலுவலகம் போகிறார்கள். பொறியாளர் போடும் எஸ்டிமேட் பொதுப்பணித் துறை விலைப்பட்டியல்படி இருக்கும். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஏறும் (2022 ஜூலைக்கு முன் 12 ஆக இருந்தது). கட்டுமானத் தொழிலாளர் நலநிதி 1 சதவீதம் தனி. மேஸ்திரி சொன்ன அதே 6 லட்சம் என்று வைத்தாலும் மொத்தம் 7.14 லட்சம் ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு 2.38 லட்சம். விடுபட்ட 38,000 ரூபாய்க்காக மறுபடி வீடு வீடாக ஏறினால் "போன மாசம்தானே கொடுத்தோம்" என்றுதான் பதில் வரும். அதனால் எஸ்டிமேட் கையில் வந்த பிறகே வசூலைத் தொடங்குங்கள். தொடங்கும்போதும் பத்து சதவீதம் கூட்டியே கேளுங்கள். விலைப்பட்டியல் ஆண்டுதோறும் மாறும். கோப்பு ஓராண்டு தூங்கினால் மதிப்பீடு ஏறும், நம் பங்கும் சேர்ந்தே ஏறும்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது நிலம். தனியார் பெயரில் இருக்கும் இடத்தில் அரசு ஒரு ரூபாய்கூடப் போடாது. லேஅவுட் வரைபடத்தில் பச்சையாகப் "பூங்கா" என்று போட்டிருப்பதை வைத்து அது பொதுச்சொத்து என்று நம்பிவிடக் கூடாது. மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக, அதாவது ஓ.எஸ்.ஆர். நிலமாக, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எழுதிக் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி. சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டால் தானப்பத்திரம் பதிவானதா என்று தெரிந்துவிடும். பதிவாகாத நிலமென்றால் மனு, எஸ்டிமேட், வசூல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். குளமானால் வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நீர்வளத் துறையின் ஏரிக்கு மாநகராட்சியிடம் மனு கொடுத்துப் பயனில்லை.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையருக்கு. பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு. ஊராட்சி என்றால் மாவட்ட ஆட்சியருக்கு. என்ன வேலை, சர்வே எண், நீளம் அகலம், எத்தனை வீடுகளுக்குப் பயன், நாங்கள் எவ்வளவு தருகிறோம், இப்போதைய நிலையைக் காட்டும் நான்கு புகைப்படம். இவ்வளவு போதும். ஊராட்சியில் கிராம சபைத் தீர்மானமும் நகரத்தில் வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் பேசிப் பதிவு செய்த குறிப்பும் இணைந்திருந்தால் "அந்தத் தெருவில் ரெண்டு பேருக்குத்தான் இது வேணும்" என்ற பேச்சே எழாது. வார்டு கவுன்சிலரை முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள். அவரைச் சுற்றிப் போய் அனுமதி வாங்கினாலும், பின்னால் தண்ணீர் இணைப்பு, குப்பை, மின்விளக்கு எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் நிற்க வேண்டும். பங்குத்தொகையைக் காசோலையாகவோ டி.டி.யாகவோ கட்டி, வேலையின் பெயர் எழுதிய ரசீது வாங்குங்கள். ரொக்கமாக யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கட்டிய பிறகுதான் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. ஏப்ரல், மே மாதங்களில் மனு கொடுத்தால் மழைக்கு முன் ஓரளவாவது நகரும். தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டால் புதிய பணி எதுவும் தொடங்காது. அந்தக் காலத்தையும் கணக்கில் வையுங்கள்.

இனி வேலையின் தரம். பூங்கா நடைபாதையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்தத் திட்டத்தில் பலர் கேட்பதும் சீக்கிரம் கெடுவதும் அதுதான். 200 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் என்றால் 300 சதுர மீட்டர் பேவர் பிளாக். நடப்பதற்கு 60 மி.மீ. கனம் போதும். குப்பை வண்டியோ தண்ணீர் லாரியோ ஏறும் வாசல் பகுதிக்கு மட்டும் 80 மி.மீ. போடச் சொல்லுங்கள். கல் கெட்டு நடைபாதை போவது அபூர்வம். அடியில் மண் சரியாக இறுகாததும், இரண்டு ஓரத்திலும் கெர்ப் கல் என்ற ஓரக்கல் இல்லாததும்தான் காரணம். செலவைக் குறைக்கிறோம் என்று ஓரக்கல்லை எஸ்டிமேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். முதல் மழையில் ஓரத்துக் கல் வெளியே சரியும். இடுக்கில் இருக்கும் மணல் அந்த வழியே வடியும். அடுத்த வரிசை தளரும். இரண்டாவது மழைக்காலத்துக்குள் நடுவில் பள்ளம் விழும். ஓரக்கல்லுக்கு காங்கிரீட் அடித்தளம் வேண்டும், வெறும் மண்ணில் நட்டால் நிற்காது. கல்லுக்கு அடியில் வரும் எம்-சாண்ட் படுகை 30 முதல் 40 மி.மீ. இருந்தால் போதும். மேடுபள்ளத்தைச் சமன் செய்ய 100 மி.மீ. மணல் கொட்டுவதைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். சமன் செய்ய வேண்டியது அதற்குக் கீழே, ஜல்லி அடுக்கில். கல் பதித்த பின் பிளேட் வைப்ரேட்டர் ஓட்டி, இடுக்கில் நயமான மணல் தூவி, மறுபடி ஓட்ட வேண்டும். இதற்கெல்லாம் எஸ்டிமேட்டில் தனித்தனி வரி இருக்கும். பங்கு கட்டிய சங்கம் அதன் நகலைக் கேட்டு வாங்கி, வேலை நடக்கும்போது கையில் வைத்துக்கொண்டு நிற்கலாம். முடிந்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் ஏறிய பிறகு எழுப்பும் ஆட்சேபணைக்கு வலு குறைவு.

கண்காணிப்பு கேமராவில் கேமராவின் விலையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். பிரச்சினை வருவது ஹார்டு டிஸ்க், யு.பி.எஸ்., மின் இணைப்பு ஆகிய மூன்றில். மீட்டர் யார் பெயரில், மாதக் கட்டணம் யார் கட்டுவது, காவல் நிலையம் பதிவைக் கேட்டால் யார் எடுத்துக் கொடுப்பது என்று எழுத்தில் இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் கம்பத்தில் கேமரா மட்டும் தொங்கும். மரக்கன்றுக்கு மூன்றடிக் குழி, கூண்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர். கன்றுக்கு வைக்கும் காசைவிடத் தண்ணீருக்கு அதிகம் வையுங்கள்.

குளம் தனிக் கதை. பெரிய பங்கு கட்டுகிறோம் என்பதால் எல்லோருக்கும் ஆழமாகத் தோண்டச் சொல்லத்தான் ஆசை. தண்ணீர் வரும் வழி அடைபட்டிருந்தால் எவ்வளவு ஆழம் தோண்டியும் குளம் நிறையாது. வரத்து வாய்க்காலில் எங்கே வீட்டுச் சுவர் ஏறியிருக்கிறது, எங்கே சாக்கடை கலக்கிறது என்று மழை நாளில் நடந்து பார்த்து, அதற்கான வேலையை எஸ்டிமேட்டில் முதல் வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கரைச் சரிவைச் செங்குத்தாக வெட்டினால் கரை சரிந்து உள்ளே விழும். ஓரடி இறக்கத்துக்கு இரண்டடி அகலமாவது கொடுக்க வேண்டும். எடுத்த மண்ணைக் கரைமேலேயே குவித்தால் அடுத்த மழை அதைத் திருப்பிக் குளத்துக்குள் கொண்டுவந்துவிடும். மண் போகும் இடமும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

பாதி அல்லது அதற்கு மேல் பங்கு கட்டுகிறவர்கள் வேலையைத் தாங்களே எடுத்துச் செய்ய அனுமதி கேட்கலாம். தரம் நம் கையில் இருக்கும் என்பது பெரிய லாபம். ஆனால் முதலில் கையிலிருந்து செலவழித்து, பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் ஏற்றிய பிறகு பில் போட்டுத்தான் அரசின் பங்கை வாங்க முடியும். கடனுக்குப் பொருள் கிடைக்காத, சுழற்சிப் பணம் இல்லாத சங்கம் இதில் இறங்கினால் பாதியில் நிற்கும். ஒரு கட்டடப் பொறியாளரும் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் சங்கத்தில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இந்தத் திட்டத்தின் மேல் நமக்கு இருக்கும் மனக்குறை, அது வசதியான தெருவுக்கு எளிதாகவும் தினக்கூலிக் குடும்பங்கள் இருக்கும் தெருவுக்குக் கடினமாகவும் இருப்பது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1988 முதல் இதேபோன்ற பங்கீட்டு நிதி ஒன்றை நடத்துகிறது. அங்கே குடியிருப்பவர்கள் செய்யும் தன்னார்வ வேலை நேரத்துக்கும், கொடுக்கும் பொருளுக்கும் மதிப்புப் போட்டு மக்கள் பங்காக ஏற்கிறார்கள். மண் வெட்டவும் கன்று நடவும் சுவருக்கு வெள்ளையடிக்கவும் ஆள் இருக்கிற ஊர் நம் ஊர். அந்த உழைப்புக்கு விலைப்பட்டியல்படியே கூலி கணக்கிட்டுப் பங்கில் கழித்தால், 3,000 ரூபாய் கொடுக்க முடியாத வீடும் தலைநிமிர்ந்து சேர்ந்துகொள்ளும். அரசு இதைச் செய்ய வேண்டும்.

பராமரிப்புக்கு இந்தத் திட்டத்தை நம்ப வேண்டாம். வேலை முடிந்ததும் பணம் முடிந்தது. பங்கு வசூலிக்கும்போதே வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்று ஓராண்டுக்குச் சேர்த்து வாங்கிச் சங்கக் கணக்கில் தனியாக வையுங்கள். ஒப்பந்தக்காரரின் குறைபாடு நீக்கும் காலம் எந்தத் தேதி வரை என்று பணி ஆணையில் பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்பே உட்கார்ந்த கல், பெயர்ந்த பூச்சு, எரியாத விளக்கு எல்லாவற்றையும் புகைப்படத்தோடு எழுதிக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய வைப்புத்தொகையை விடுவித்த பிறகு கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள்.