காலைப் பிடிக்கலாமா, கூடாதா? கிரேக்க-ரோமனும் கேட்ச்சும்

1880க்கும் 1915க்கும் இடையில், பணத்துக்காக நடந்த மல்யுத்தத்தை இரண்டு பாணிகள் பங்கு போட்டுக்கொண்டன. ஒன்று கிரேக்க-ரோமன். அதில் இடுப்புக்குக் கீழே எதிராளியைத் தொடக் கூடாது, காலால் இடறவும் கூடாது. இன்னொன்று இங்கிலாந்தின் லங்காஷயரில் வளர்ந்த கேட்ச். தொடை, முழங்கால், பாதம் என்று எங்கே பிடி கிடைத்தாலும் அதில் செல்லும். எதிராளியின் இரண்டு தோள்களையும் தரையில் பதித்தால் வெற்றி என்பது இரண்டுக்கும் பொது. ஆனால் காலைப் பற்றிய அந்த ஒரு விதி, யாரெல்லாம் சாம்பியன் ஆக முடியும் என்பதையே மாற்றிவிட்டது. நான் கேட்ச் பக்கம் நிற்பவன்.

முதலில் கிரேக்க-ரோமனுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். பிரான்சில், நெப்போலியன் படையில் இருந்த ழான் எக்ஸ்பிராயா ஊர் ஊராகக் காட்சி நடத்தியபோது வகுத்த விதிகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்த பாணி இது. கால் விலக்கப்பட்டதால் மார்போடு மார்பு மோதும் ஆட்டமாக இருக்கும். ஒருவர் இன்னொருவரைத் தூக்கி எறிந்தால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். இன்றைய எஸ்தோனியாவின் தார்த்துவில் 1877இல் பிறந்த ஜார்ஜ் ஹாக்கென்ஷ்மிட், 1904 ஜனவரியில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் துருக்கியப் பயில்வான் அகமது மத்ராலியை அப்படித்தான் எறிந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மத்ராலியின் கை மூட்டு விலகிவிட்டது. அந்த ஒரு வீச்சுக்காகவே இந்தப் பாணியை நேசிப்பவர்களின் மனம் எனக்குப் புரிகிறது.

சம பலம் உள்ள இருவர் மோதும்போதுதான் சிக்கல். கீழே இறங்கி உடைக்க வழியில்லாததால் இருவரும் பூட்டிக்கொண்டு நிற்பார்கள். 1881இல் நியூயார்க்கில் வில்லியம் மல்டூனும் கிளாரன்ஸ் விஸ்லரும் ஏழு மணி நேரத்துக்கு மேல் மோதியும் முடிவு வரவில்லை. மல்டூன் சாதாரண ஆள் அல்ல. நியூயார்க் காவல்துறையில் இருந்து வந்து கிரேக்க-ரோமனை அமெரிக்காவில் நிலைநிறுத்தியவர். தொழில்முறை அல்லாத களத்திலும் இதே கதைதான். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் மார்ட்டின் கிளைனும் ஆல்ஃபிரட் அசிகைனனும் மோதிய அரையிறுதி 11 மணி 40 நிமிடம் நீண்டது. வென்ற கிளைனுக்கு இறுதிப் போட்டியில் இறங்கத் தெம்பில்லை.

கேட்ச் வளர்ந்த இடம் வேறு. லங்காஷயரின் சுரங்கத் தொழிலாளர்களும் பஞ்சாலைத் தொழிலாளர்களும் பந்தயப் பணம் வைத்து மோதிய ஆட்டம் அது. பந்தயம் கட்டியவனுக்கு முடிவு வேண்டும். அதனால் முடிவை வரவழைக்கும் பிடிகள் பெருகின. 1880களில் ஜோ ஆக்டன், எட்வின் பிபி போன்ற லங்காஷயர்காரர்கள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். விஸ்கான்சினைச் சேர்ந்த இவான் லூயிஸ் 1887இல் ஆக்டனை வீழ்த்தினார். லூயிஸின் ஆயுதம் கழுத்தை நெரிக்கும் பிடி. லங்காஷயர் விதிகள் தடுத்ததை அமெரிக்க மேடை அனுமதித்தது. கேட்ச்சின் கொடூரமான பக்கம் அது. நான் அதற்காக வாதாட மாட்டேன்.

நான் வாதாடுவது ஃபார்மர் பர்ன்ஸுக்காக. அயோவா மாநிலத்து விவசாயக் குடும்பத்துப் பையன், எடை 75 கிலோவை ஒட்டியே இருந்தவர். அவர் 1895இல் சிகாகோவில் தன்னைவிடக் கனமான இவான் லூயிஸை வென்று அமெரிக்க சாம்பியன் ஆனார். கிரேக்க-ரோமனில் அந்த எடைக்காரர் ஒரு கனரகச் சாம்பியனை எதிர்த்து நிற்பதே கடினம். கேட்ச்சில் நெம்புகோல் கணக்கு இருக்கிறது: பெரிய உடம்பை நேராகத் தூக்கத் தேவையில்லை, ஒரு மூட்டைச் சரியான கோணத்தில் திருப்பினால் மீதி உடம்பு பின்னாலேயே வரும். பர்ன்ஸ் இதைப் பாடமாக்கி, தபால் வழியாகவே மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

அவருடைய மாணவர்தான் ஃபிராங்க் காட்ச். அயோவாவில் ஒரு மோதலில் காட்சைத் தோற்கடித்த பர்ன்ஸ், அங்கேயே அவரைப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டார்.

1908 ஏப்ரல் 3, சிகாகோ டெக்ஸ்டர் பார்க். காட்சும் ஹாக்கென்ஷ்மிட்டும் கேட்ச் விதிப்படி மோதினார்கள். ஹாக்கென்ஷ்மிட்டுக்குக் கேட்ச் புதிதல்ல. 1905இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டாம் ஜென்கின்ஸை அதே விதியில் வென்றவர். ஆனால் அவர் பலமே முதல் சில நிமிடங்களில் ஆளைத் தூக்கி எறிவதில் இருந்தது. காட்ச் அதற்கு இடமே தரவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நின்ற நிலையிலேயே சாய்ந்தும் தள்ளியும் நகர்ந்தும் எதிராளியின் மூச்சைக் கரைத்தார். பிறகு பின்னால் போய்க் கீழே இறக்கினார். அடுத்து வரப்போவது அவருடைய பேர்பெற்ற பாதம் முறுக்கும் பிடி என்று அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஹாக்கென்ஷ்மிட் விட்டுக்கொடுத்தார். இரண்டாம் சுற்றுக்கு அவர் வரவே இல்லை.

காட்ச் உடம்பில் எண்ணெய் பூசியிருந்தார், நகத்தால் கீறினார் என்று ஹாக்கென்ஷ்மிட் பின்னர் குற்றம் சாட்டினார். காட்ச் முரட்டுத்தனமானவர் என்பதை அவர் ஆதரவாளர்களே மறுக்கவில்லை. ஆனால் ஹாக்கென்ஷ்மிட் சரியான தயாரிப்பில் வரவில்லை என்பதும் உண்மை. 1911 செப்டம்பரில் சிகாகோ கமிஸ்கி பார்க்கில், ஏறக்குறைய 30,000 பேர் முன்னிலையில் நடந்த மறுமோதலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. பயிற்சியில் முழங்கால் காயப்பட்ட நிலையில் அவர் இறங்கினார், சீக்கிரமே தோற்றார்.

அப்படியானால் கேட்ச்சில் எப்போதும் முடிவு கிடைத்ததா? இல்லை. 1910 செப்டம்பர் 10 அன்று லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் மைதானத்தில் காமா பயில்வானை எதிர்கொண்ட போலந்துக்காரர் ஸ்பிஷ்கோ, இரண்டரை மணி நேரத்துக்கும் மேலான ஆட்டத்தில் பெரும்பகுதி தரையோடு ஒட்டிப் படுத்தே காலத்தை ஓட்டினார். ஆட்டம் சமன். ஒரு வாரம் கழித்து மறுமோதலுக்கு அவர் வரவில்லை, பட்டம் காமாவுக்குப் போனது. 1928இல் பட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதியபோது காமாவுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. 1916இல் ஒமாஹாவில் ஜோ ஸ்டெச்சரும் எட் லூயிஸும் ஐந்து மணி நேரம் மோதிச் சமன் செய்ததும் கேட்ச் விதியில்தான். மந்தத்துக்கு இரண்டு பாணியிலும் இடம் இருந்தது. ஆனால் கேட்ச்சில் அது ஒருவர் ஒளிந்துகொள்ளத் தீர்மானித்ததால் வந்தது. கிரேக்க-ரோமனில் விதியே அதை உண்டாக்கியது. இந்த வேறுபாடு எனக்குப் பெரிது.

பார்வையாளர் சலித்ததும் 1920களில் அமெரிக்க நடத்துநர்கள் முடிவை முன்கூட்டியே நிர்ணயிக்கும் காட்சி மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்கள். இன்று தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது அதன் வழித்தோன்றல்தான்.

உண்மையான கேட்ச் வேறு இரண்டு வழிகளில் பிழைத்தது. ஒன்று, காலையும் பிடிக்க அனுமதிக்கும் ஒலிம்பிக்கின் ஃப்ரீஸ்டைல். 1952 ஹெல்சிங்கியில் கே.டி. ஜாதவ் பெற்ற வெண்கலம் முதல், இந்தியா மல்யுத்தத்தில் வாங்கிய ஒலிம்பிக் பதக்கம் ஒவ்வொன்றும் ஃப்ரீஸ்டைலில் வந்ததே. காலைப் பிடித்து வீழ்த்தும் குஸ்தி மண்ணில் பழகியவர்களுக்கு அது இயல்பு. இன்னொன்று, லங்காஷயரின் விகன் நகரில் பில்லி ரைலி நடத்திய பயிற்சிக்கூடம். அங்கே கற்ற பெல்ஜியத்துக்காரர் ஒருவர் ஃபிராங்க் காட்ச் நினைவாகத் தன்னைக் கார்ல் காட்ச் என்று அழைத்துக்கொண்டு, ஜப்பானுக்குப் போய் அன்டோனியோ இனோக்கி உள்ளிட்ட பலருக்கு அந்தப் பிடிகளைக் கற்றுக்கொடுத்தார்.