செகாம்புட்டில் ஒரு மஞ்சள் மூக்கு: வீட்டில் கட்டிய காடிக்கு ஏற்ற பெயிண்ட் பட்டறை

வீட்டில் ஸ்போர்ட்ஸ் காடி கட்டுகிறவர்கள் பலருக்கு இன்ஜின் முதல் தடவை ஸ்டார்ட் ஆனதுமே பாதி ஆர்வம் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் பெயிண்ட், விளிம்பு, குஷன் எல்லாம் ‘மேல்வேலைதானே’ என்று கிடைத்த கடையில் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். நான் அந்த மேல்வேலைக்கென்றே ஒரு பட்டறையைத் தேடிப் போனேன். அவர்கள் செய்து கொடுத்ததை ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம். தேதி குறித்துக்கொண்டு அவசரப்படுகிறவர்கள் மட்டும் போக வேண்டாம்.

பட்டறை கோலாலம்பூரின் செகாம்புட் தொழிற்பேட்டையில், ஒரு மரக்கடைக்கும் லோரி ஸ்பிரிங் கடைக்கும் நடுவில் இருக்கிறது. போர்டு கிடையாது. “இருக்கிற வேலையே தாங்கல, பேரைப் போட்டுறாத தங்கச்சி” என்று பட்டறை அண்ணன் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. உண்மையிலேயே காடி கட்டிக்கொண்டிருப்பவர்கள் கேட்டால் தனியாகச் சொல்கிறேன்.

காடியைப் பற்றிக் கொஞ்சம். என் தம்பி கட்டியது லோட்டஸ் செவன் என்ற பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காடி மாதிரியில், பாகம் பாகமாக வந்த கிட். ஹாஃப்கட் கடையில், அதாவது பழைய காடிகளை வெட்டி விற்கும் கடையில், எடுத்த டொயோட்டா 4ஏஜிஇ, 1.6 லிட்டர் இன்ஜின். சேசிஸ், இன்ஜின், பிரேக் எல்லாம் அவன் பொறுப்பு. கண்ணுக்குத் தெரிகிறதெல்லாம் என் பொறுப்பு என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டோம். நான் பல் செட் செய்யும் லேப்பில் வேலை பார்க்கிறேன். ரெசின், மெருகு, நிறப் பொருத்தம் இவைதான் என் பிழைப்பு. அதனால் பட்டறைக்காரர்களிடம் நான் கேட்கும் கேள்விகள் கொஞ்சம் அதிகம். ஒன்றுக்குக்கூட இவர்கள் முகம் சுளிக்கவில்லை.

லோட்டஸ் நிறுவனர் கோலின் சாப்மன் செவனைக் கொண்டுவந்தது 1957-இல். அன்றைய இங்கிலாந்தில் முழுக் காடி வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும், பாகம் பாகமாக வாங்கி வீட்டில் பூட்டினால் வேண்டாம். அதனால்தான் இந்தக் காடி வீட்டுக் கொட்டகையில் பூட்டும் காடியாகப் பெயர் எடுத்தது. 1973-இல் அந்த வரி போய் வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி வந்தது. அதே வருடம் லோட்டஸ் இந்த மாடலின் உரிமையைக் கேட்டர்ஹாம் என்ற நிறுவனத்துக்கு விற்றது. இதை வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1996 முதல் 2017 வரை லோட்டஸ் நம் மலேசியக் காடி நிறுவனமான புரோட்டோன் கையில் இருந்தது. கேட்டர்ஹாமை 2011-இல் வாங்கியவர் ஏர்ஏசியாவின் டோனி பெர்னாண்டஸ்.

இந்த வகைக் காடியின் உடம்பில் இரண்டு சாதிப் பொருள் இருக்கிறது. பக்கவாட்டுத் தகடும் போனட்டும் அலுமினியம். மூக்கும், அதாவது காடியின் முன்முனையும், நான்கு மட்கார்டுகளும் ஃபைபர்கிளாஸ். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தும் கடையில் காடியைக் கொடுக்கக் கூடாது. முதலில் விசாரித்த ஒரு கடையில் “எல்லாத்துக்கும் ஒரே பிரைமர்தான், மூணே நாள்ல எடுத்துக்கலாம்” என்றார்கள். பிரைமர் என்றால் பெயிண்டுக்கு அடியில் போகும் முதல் பூச்சு. விலையும் குறைவுதான். அங்கே கொடுக்கவில்லை.

செகாம்புட் அண்ணன் மூக்கைக் கையில் வாங்கியதும் நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை. உள்பக்கத்தைத் திருப்பி மோந்து பார்த்தார்.

“எப்போ ஊத்துனது?”

“கையில வந்தே ரெண்டு மாசம் இருக்கும்ண்ணே.”

“வாசம் இன்னும் போகல பாரு. வெயில்ல கிடக்கட்டும். இப்ப அடிச்சா தீவாளிக்குப் பளபளன்னு இருக்கும், பொங்கலுக்கு நூல் தெரியும்.”

அவர் சொன்னதை எங்கள் லேப்பில் தினமும் பார்க்கிறேன். ஃபைபர்கிளாஸில் இருப்பது பாலியெஸ்டர் ரெசின். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஹார்டனர் கலந்தால் சீக்கிரமே கல் மாதிரி ஆகிவிடும். ஆனால் உள்ளே இறுகும் வேலை அதோடு முடிவதில்லை, வாரக்கணக்கில் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். முழுசாக இறுகாத மூக்கைப் பெயிண்ட் அடித்து கோலாலம்பூர் மத்தியான வெயிலில் நிறுத்தினால், அந்தச் சூட்டில் ரெசின் மறுபடி இறுகிச் சுருங்கும். அப்போது உள்ளே இருக்கும் கண்ணாடி நூலின் பின்னல் மேலே தெரியும். பெயிண்ட் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அதைத் தடுக்காது. பல் செட்டின் அக்ரிலிக்கையும் நாங்கள் சுடுநீரில் நேரம் கணக்கு வைத்துத்தான் இறுக்குகிறோம். பாதியில் எடுத்தால் இறுகாமல் மிச்சமிருக்கும் மோனமர் என்ற மூலப்பொருள், பல் செட் போட்டுக்கொள்கிறவர் வாயை எரிக்கும். பெயிண்ட் கடையில் இதே பொறுமையைப் பார்த்ததும், வேறு கடை தேடும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

மூக்கும் மட்கார்டுகளும் பட்டறையின் தகரக் கூரைக்குப் பின்னால், அலமாரித் தட்டில் வளையாதபடி மரக்கட்டை முட்டுக் கொடுத்து வெயிலில் கிடந்தன. முட்டுக் கொடுத்ததைக் கவனிக்க வேண்டும். சூட்டில் ஃபைபர்கிளாஸ் தன் எடையாலேயே தொய்ந்துவிடும், பிறகு போனட்டோடு பொருந்தாது.

இறுகிய பிறகும் உடனே தேய்க்கவில்லை. அச்சிலிருந்து கழன்று வர மெழுகு பூசியிருப்பார்கள். அதை முதலில் கரைப்பான் போட்டு, துணியை மாற்றி மாற்றித் துடைத்து எடுத்தார்கள். மெழுகு இருக்கும்போதே மணல்தாள் போட்டால் அது கீறலுக்குள் இறங்கிவிடும், பிறகு பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் மீன்கண் மாதிரி விலகும். ஜெல்கோட்டில், அதாவது ஃபைபர்கிளாஸின் வழவழப்பான மேல் ரெசின் படலத்தில், ஊசிமுனை அளவு ஓட்டைகள் இருந்தன. பட்டறைத் தம்பி ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்துவிட்டுப் புட்டி அடைத்தார். மேலே மூடிவிட்டால் வெயிலில் உள்ளேயிருக்கும் காற்று விரிந்து கொப்புளம் கட்டும் என்பது அவர் விளக்கம்.

அலுமினியத்தில் கதையே வேறு. தேய்த்த உடனேயே அதன்மேல் ஆக்சைடு படிய ஆரம்பித்துவிடும். அதனால் தேய்த்த அன்றைக்கே எப்பாக்சி பிரைமர் ஏறிவிட வேண்டும், புட்டி தேவைப்பட்டால் அந்தப் பிரைமருக்கு மேல்தான். பக்கத் தகட்டைப் பெயிண்டே இல்லாமல் வெள்ளியாக விட்டு, மேலே கிளியர், அதாவது நிறமில்லாத தெளிவான மேல்பூச்சு, மட்டும் அடிக்கலாம் என்பது என் ஆசை. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் அலுமினியத்தில் கிளியர் நெடுநாள் பிடிக்காது, ரிவெட் ஓரங்களில் இருந்து தோலுரியும் என்றார். அப்படி உரிந்த பழைய துண்டு ஒன்றை எடுத்து வந்து காட்டவும் செய்தார். ஆகவே பக்கவாட்டுக்குக் கரும்பச்சை, மூக்குக்கும் மட்கார்டுகளுக்கும் மஞ்சள் என்று முடிவானது.

இந்தப் பட்டறைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது இடைவெளி வேலைக்குத்தான். பெயிண்டுக்கு அதற்கு அடுத்த இடம். வீட்டில் கட்டிய காடியைப் பத்தடி தூரத்தில் காட்டிக்கொடுப்பது நிறமே அல்ல. மூக்கும் போனட்டும் சேரும் கோடு ஒரு பக்கம் விரல் நுழைய, மறுபக்கம் தாள் நுழையாமல் இருக்கும். கண்ணுக்கு ஏதோ சரியில்லை என்று படும், என்னவென்று சொல்லத் தெரியாது. இவர்கள் பிரைமருக்கு முன்னாலேயே மூக்கு, போனட், பக்கத் தகடு எல்லாவற்றையும் காடியில் பூட்டச் சொன்னார்கள். இடைவெளியில் ஒரே தடிமன் பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகி, எங்கே முட்டுகிறது என்று பென்சிலால் குறித்து, ஃபைபர்கிளாஸ் விளிம்பைத் தேய்த்தும் தேவையான இடத்தில் ரெசின் கட்டியும் கோட்டை நேராக்கினார்கள். பெயிண்டுக்கும் தடிமன் உண்டு, அதற்கும் இடம் விட்டார்கள். கால்வட்டம் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் போனட் கிளிப்புகளைக்கூட இந்தக் கட்டத்தில்தான் துளை போட்டு வைத்தார்கள். என் தம்பி ரிவெட்டுகளை ஒரே இடைவெளியில் அடித்திருந்தான். அதைப் பார்த்து அண்ணன் “இந்தக் கை வேலைக்காரன் கை” என்றார். வீட்டுக்கு வந்து அவனிடம் அதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பிரைமர் காய்ந்ததும் அதன்மேல் கறுப்புப் பொடி தூவி, நீளக் கட்டையில் மணல்தாள் சுற்றித் தேய்ப்பார்கள். பள்ளத்தில் கறுப்பு தங்கிவிடும், மேட்டில் போய்விடும். வெறும் கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாத பள்ளங்களை இந்தப் பொடி காட்டிக்கொடுக்கிறது. மறுபடி பிரைமர், மறுபடி பொடி. இதற்கெல்லாம் தனிக் காசு கேட்கவில்லை.

நிறத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. பல்லுக்கு நிறம் பார்க்கும்போது ஒரு விளக்கில் பொருந்துவது வேறு விளக்கில் பொருந்தாது. காலை வெளிச்சத்தில் ஒரு தடவை, குழல் விளக்கில் ஒரு தடவை பார்த்துத்தான் முடிவு செய்வோம். இங்கே கேட்டலாக்கைக் காட்டி முடிக்கவில்லை, கலந்த மஞ்சளை அட்டையில் அடித்து, கிளியரும் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்று கண்ணைக் குத்தியது, இன்னொன்று மாலையில் பச்சையடித்தது. மூன்றாவது பழுத்த மாம்பழ நிறம், அதையே எடுத்துக்கொண்டேன். மஞ்சள் அடியில் இருப்பதை மறைக்காத நிறம். சாம்பல் பிரைமர்மேல் அடித்தால் அழுக்காகத் தெரியும், நாலைந்து பூச்சு ஏற்ற வேண்டி வரும். அதனால் அடியில் வெள்ளை போட்டார்கள்.

கோலாலம்பூரில் பெயிண்டுக்கு எதிரி ஈரம்தான். டூகே, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்டின் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் நுரைக்கும். மத்தியானம் இடி இடித்தால் இவர்கள் பெயிண்ட் துப்பாக்கியைத் தொடுவதில்லை. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றிலும் ஈரம் இருக்கிறது என்பதால் வழியில் தண்ணீர் பிடிக்கும் வடிகட்டி மாட்டியிருக்கிறார்கள். அடிக்கிற தம்பி வெளிக்காற்று குழாயில் வரும் முகமூடி போட்டிருந்தது எனக்குப் பெரிய ஆறுதல். ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். சாதாரணத் துணி மாஸ்க்கோடு அடிக்கும் கடைகளைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. வீட்டுப் போர்ச்சில் தானே டூகே அடிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் இதுதான் என் வேண்டுகோள்: வேண்டாம்.

குறைகளும் உண்டு. முதல் தடவை அடித்த கிளியரில் இடது பின் மட்கார்டில் தூசி விழுந்திருந்தது. பக்கத்து மரக்கடையின் தூள் என்று நினைக்கிறேன். சுட்டிக்காட்டியதும் பேசாமல் தேய்த்து மறுபடி அடித்துக் கொடுத்தார்கள், ஆனால் நான் சொல்லும்வரை அவர்களாகச் சொல்லவில்லை. போன் எடுப்பது அபூர்வம். ‘அடுத்த வாரம்’ என்றால் அது அடுத்த வாரம் இல்லை. செப்பாங் பந்தயத் தடத்தில் சொந்தக் காடியை ஓட்டும் டிராக் நாளுக்கு இடம் எடுத்து வைத்திருந்தோம், காடி வராததால் அந்தக் காசு போனது.

குஷன் வேலையைப் பட்டறைக்குப் பின்னால் தையல் மெஷின் வைத்திருக்கும் ஒரு மலாய் அக்காவிடம் அனுப்புகிறார்கள். கூரை இல்லாத காடி, நம் ஊர் மழை. தோல் வேண்டாம் என்று அந்த அக்கா சொன்னதும் சரி என்றேன். படகு இருக்கைக்குப் போடும் வினைல், தண்ணீர் குடிக்காத மூடிய நுண்ணறை ஃபோம், வெயிலில் இற்றுப்போகாத பாலியெஸ்டர் நூல். இருக்கையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டையும் விட்டிருக்கிறார். கறுப்பைத் தவிர்த்துப் பழுப்பு எடுத்தோம், நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் தொடை வேகவில்லை. டேஷ்போர்டுக்கு மினுமினுப்பு இல்லாத வினைல், அதனால் மீட்டர்கள் வெயிலில் படிக்க முடிகிறது. தையல் ஓரத்தில் வரும் பைப்பிங் மட்டும் வலது இருக்கையில் ஒரு இடத்தில் லேசாக வளைந்திருக்கிறது. எனக்குத் தெரிகிறது, தம்பிக்குத் தெரியவில்லை.

பெயிண்ட் வேலைக்கு மொத்தம் 6,800 வெள்ளி (ரிங்கிட்) ஆனது, குஷனுக்குத் தனியாக 1,400. மைவி என்ற நம் ஊர்ச் சின்னக் காடியில் பாதி கூட இல்லாத காடிக்கு இவ்வளவா என்று கேட்டவர்கள் உண்டு. தகட்டின் பரப்புக்கு யாரும் காசு வாங்குவதில்லை, கைக்குத்தான் வாங்குகிறார்கள். இந்தக் கைக்கு அது நியாயமான விலை.

போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்கு முன்னால் நேரில் போங்கள். மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், போனட்டும் பிராக்கெட்டும் கூடவே இருந்தால்தான் இடைவெளி பார்ப்பார்கள். செவன் வகைக் காடியில் முன் டயர் தெறிக்கும் கல் நேராகப் பின் மட்கார்டில் வந்து அடிக்கும். அங்கே ஒட்டும் தெளிவான பாதுகாப்புப் படலத்தையும் அப்போதே பேசி விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்டால் தனி. விளக்கு வயர்களை நீங்களே கழற்றி, ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டிக் கொண்டுபோங்கள். வயர் வேலை அவர்கள் தொடுவதில்லை.