தி ரெய்ட் 2: வேடம் கலையாமல் அடிக்க வேண்டிய ஒரு போலீஸ்காரன்

குற்றக் கும்பலுக்குள் மாறுவேடத்தில் நுழையும் காவலரின் கதை மறைப்பதை நம்பி நிற்பது. பெயர், குடும்பம், பயிற்சி, பயம் என்று அவர் எல்லாவற்றையும் மறைத்தாக வேண்டும். சண்டைக்கலைப் படமோ காட்டுவதை நம்பி நிற்பது. நாயகனின் உடலால் என்ன முடியும் என்பதை மறைத்துவிட்டால் அங்கே படமே இல்லை. இவ்விரண்டையும் ஒரே கதையில் சேர்க்கும் குறைந்த செலவுப் படங்களில் பெரும்பாலானவை, முதல் அரை மணி நேரத்துக்குள் மாறுவேடத்தை மறந்துவிட்டு வெறும் அடிதடியாக மாறிவிடுகின்றன. 2014இல் வெளிவந்த இந்தோனேசியப் படமான ‘தி ரெய்ட் 2’ அந்தச் சிக்கலை நேராக எதிர்கொள்கிறது. எல்லா இடங்களிலும் அது வெல்லவில்லை. வெல்லும் இடங்களில் இந்த வகையில் நான் பார்த்த வேறெந்தப் படமும் இதன் அருகில் வருவதில்லை.

படம் உருவான வரலாற்றைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது, ஏனெனில் இதன் பலமும் பலவீனமும் அந்த வரலாற்றிலிருந்தே வருகின்றன. இயக்குநர் கேரத் எவன்ஸ் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்தவர். இந்தோனேசியாவின் மரபுச் சண்டைக்கலையான பென்சாக் சிலாட் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கச் சென்ற இடத்தில் ஈக்கோ உவைஸ் என்ற இளைஞரைக் கண்டார். தாத்தாவின் சிலாட் பள்ளியில் பயின்று, பிழைப்புக்காக ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் ஓட்டுநராக இருந்த உவைஸ், 2009இல் எவன்ஸின் ‘மெரந்தாவ்’ படத்தில் நாயகனானார். அடுத்து எவன்ஸ் எழுதியது சிறையையும் ஜகார்த்தாவின் தாதாக்களையும் பற்றிய பெரிய கதை. அதற்குப் பணம் திரளவில்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு, ஒரே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நடக்கும் ‘தி ரெய்ட்’ படத்தைச் சுமார் 11 லட்சம் டாலர் செலவில் எடுத்தார். 2011இல் டொராண்டோ திரைப்பட விழாவின் நள்ளிரவுப் பிரிவில் அது பார்வையாளர் விருதைப் பெற்று உலகெங்கும் பேசப்பட்ட பிறகே பழைய கதைக்கு வழி பிறந்தது. முதல் படத்தின் நாயகனான ராமா என்ற காவலரை (உவைஸ்) அந்தப் பழைய திரைக்கதைக்குள் கொண்டுவந்து நிறுத்தி, சுமார் 45 லட்சம் டாலரில் இரண்டாம் படத்தை எடுத்தார். ஹாலிவுட் கணக்கில் இது சிறிய தொகைதான். ஆனால், ஒட்டு போட்ட தடம் தெரிகிறது. முதல் படத்தில் நாம் அக்கறை கொண்ட ராமாவின் அண்ணனைத் தொடக்கத்திலேயே அவசரமாக அகற்றிவிட்டுத்தான் கதை தன் பாதையில் ஏறுகிறது.

முதல் படத்தின் கட்டடத்திலிருந்து உயிரோடு மீண்ட ராமாவிடம், காவல்துறைக்குள் இருக்கும் ஊழலை விசாரிக்கும் புனாவார் என்ற அதிகாரி ஒரு பணியைக் கொடுக்கிறார். நகரை ஆளும் தாதாவான பாங்குனின் மகன் உக்கோ சிறையில் இருக்கிறான். ராமா கைதியாக அங்கே சென்று, யுதா என்ற பெயரில் அவனுடைய நம்பிக்கையைப் பெற்று, வெளியே வந்தபின் கும்பலுக்குள் நுழைந்து, அவர்களிடம் பணம் வாங்கும் காவல் அதிகாரிகள் யார் என்று கண்டறிய வேண்டும். சில மாதங்களில் முடியும் என்று எண்ணிய சிறைவாசம் இரண்டு ஆண்டுகளாக நீள்கிறது. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள்.

சிறைப் பகுதிதான் மாறுவேடக் கதையும் சண்டைக்கலையும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்த பகுதி. குறுகிய கழிப்பறை ஒன்றுக்குள் ராமா உட்கார்ந்திருக்கிறான். வெளியே கைதிகள் கூட்டமாகக் கதவை இடிக்கிறார்கள். தாழ்ப்பாளின் திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. அவன் அசையாமல் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அங்கே அவன் அடி வாங்கிக்கொண்டு கிடந்தால் உக்கோவின் கண்ணில் படாமலே போவான். காவலருக்குரிய ஒழுங்கோடு அடித்தால் யாரேனும் சந்தேகிக்கக்கூடும். கைகளை முழுதாக நீட்டக்கூட இடமில்லாத அந்த அறையில், முழங்கையும் முழங்காலும் சுவரும் கதவுமே ஆயுதங்களாகின்றன. அந்தச் சண்டை முடியும்போது அவன் உக்கோவுக்குத் தேவைப்படும் ஆளாகிவிடுகிறான். வசனம் எதுவும் செய்ய முடியாத கதை வேலையை இங்கே சண்டை செய்கிறது.

அடுத்து வரும் சேற்றுச் சண்டை அளவில் இதற்கு நேர் எதிரானது. மழையில் ஊறிய சிறை முற்றத்தில் கைதிகளும் காவலர்களுமாக ஒரு பெருங்கூட்டம் மோதுகிறது. யார் யாருடைய ஆள் என்பது சேற்றில் மறைந்துபோகும் அந்தக் களேபரத்தில், உக்கோவைக் கொல்ல வருபவர்களை ராமா மட்டும் அடையாளம் கண்டு தடுக்கிறான். சிலாட்டின் சில மரபுகள், குறிப்பாகச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களின் ஹரிமாவ் முறை, தரையோடு தாழ்ந்து நின்று தாக்குவதை அடிப்படையாகக் கொண்டவை; வழுக்கும் நிலத்தில் நிமிர்ந்து நிற்பவன் விழுவான் என்ற புரிதல் அவற்றில் உண்டு. இக்காட்சி அந்த மரபை அப்படியே பின்பற்றுவதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் நிலம் இவர்களை ஏமாற்றுவதும், அதற்கேற்ப உடல் தாழ்வதும், அடி பிசகிய இடத்திலிருந்தே அடுத்த அடி பிறப்பதும் அந்தக் கலையை அறிந்தவர்கள் வடிவமைத்தவை என்பது பார்த்தவுடன் விளங்கும்.

சிறையை விட்டு வெளியே வந்ததும் படம் தளர்கிறது. மொத்த நீளம் 150 நிமிடங்கள். அதன் நடுப்பகுதியில் ராமா பல இடங்களில் வெறும் மெய்க்காப்பாளனாக ஓரத்தில் நிற்கிறான். பாங்குனுக்கும் ஜப்பானியக் கும்பலின் தலைவரான கோட்டோவுக்கும் இடையிலான சமரசம், அதைக் குலைக்கத் துடிக்கும் பெஜோ என்ற வளர்ந்துவரும் தாதா, தகப்பன் தன்னை வளரவிடவில்லை என்று புழுங்கும் உக்கோ என்று கதை அகன்றுகொண்டே போகிறது. உக்கோவாக வரும் ஆரிஃபின் புத்ரா நன்றாக நடித்திருக்கிறார். செல்லமும் அவமானமும் கலந்த அந்த முகம் எப்போது வெடிக்கும் என்று நம்மைக் காக்க வைக்கிறது. ஆனால், மாறுவேடத்தில் இருப்பவனின் அச்சம் இந்தப் பகுதியில் கரைந்துவிடுகிறது. உக்கோவின் பணப்பையில் ராமா ஒலிக்கருவியை ஒளித்துவைக்கும் இடம் அருமையான தொடக்கம். 2002இல் ஹாங்காங்கில் வந்த ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு, இப்படியொரு சின்னக் கருவியையும் ஒரு கைப்பேசியையும் வைத்துக்கொண்டே எவ்வளவு பதற்றத்தைக் கட்டலாம் என்பது தெரியும். எவன்ஸ் அந்த நூலைப் பிடித்த சற்று நேரத்திலேயே கைவிட்டுவிடுகிறார். ராமாவை அனுப்பிய அதிகாரி பெரும்பாலும் தொலைபேசியில் ஒலிக்கும் குரலாகவே தேய்ந்துபோகிறார். மனைவியுடன் ராமா பேசும் சில நொடிகள் மட்டுமே அவன் எதை இழந்துகொண்டிருக்கிறான் என்பதை நமக்கு நினைவூட்டுகின்றன.

பிரகோசோ என்ற கொலையாளியின் கிளைக்கதை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பாத்திரத்தில் நடிக்கும் யாயான் ருஹியான் முதல் படத்தில் வேறொரு பாத்திரமாக வந்து இறந்தவர்; உவைஸுடன் சேர்ந்து சண்டைகளை வடிவமைத்தவரும் அவரே. முதல் படத்தைப் பார்த்தவர்கள் சற்றுக் குழம்புவார்கள். நாடோடிபோல வாழ்ந்து, பிரிந்த மனைவிக்குப் பணம் கொடுக்க உணவகத்தில் காத்திருக்கும் அந்த மனிதர் மீது படம் காட்டும் பரிவு எனக்குப் பிடித்திருக்கிறது. அவருடைய முடிவில் ஜகார்த்தாவில் பனி பொழிவதைப் பலர் குறையாகச் சொன்னார்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள நகரில் பனி பெய்யாது என்பது எவன்ஸுக்குத் தெரியாததன்று. முன்பின் இல்லாமல் அந்த ஒரு காட்சிக்கு மட்டும் கனவின் நிறத்தைப் பூசியதால்தான் அது ஒட்டாமல் நிற்கிறது என்பது என் எண்ணம்.

செலவு குறைவு என்பது திரையில் எங்கே தெரிகிறது என்று கேட்டால், சண்டைகளில் தெரியவில்லை என்பதே பதில். பணத்துக்குப் பதிலாக இவர்கள் செலவழித்தது ஒத்திகை நேரத்தை. படப்பிடிப்புக்கு முன்பே இயக்குநரும் சண்டை வடிவமைப்பாளர்களும் மெத்தைகள் விரித்த அறையில் முழுச் சண்டையையும் சிறு கேமராவால் படம்பிடித்து, வெட்டித் தொகுத்து, எந்த அடி எந்தக் கோணத்தில் என்பதை முடிவு செய்துவிடுகிறார்கள். அதனால் திரையில் வரும் ஒவ்வொரு வெட்டும் ஓர் அடியைத் தெளிவாக்கவே வருகிறது. நடிகரின் இயலாமையை மூடுவதற்காக எந்த வெட்டும் இல்லை. கார் துரத்தலிலும் இதே சிக்கனமான அறிவு வேலை செய்கிறது. ஓடும் காரின் ஒரு பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியேறி அடுத்த காருக்குச் செல்லும் ஒரு கேமரா நகர்வுக்காக, குழுவினர் ஒருவர் கார் இருக்கையைப் போலவே வேடமிட்டு உள்ளே அமர்ந்து கேமராவைக் கைமாற்றினார். சண்டைக்கலைப் பின்னணி இல்லாத ஜூலி எஸ்டெல், இரண்டு சுத்தியல்களோடு ரயில் பெட்டிக்குள் நடத்தும் சண்டை கூர்மையானது. ஆனால் அவருடைய பாத்திரமும், அதன் சகோதரனாக மட்டையுடன் வரும் பாத்திரமும் வேறொரு படத்திலிருந்து வந்தவர்களாகவே எனக்குத் தோன்றினார்கள். சிறைக் காட்சிகளின் எதார்த்தத்தோடு அவர்கள் சேரவில்லை.

உணவகச் சமையற்கூடத்தில் நடக்கும் இறுதிச் சண்டைக்காக மட்டுமே இந்தப் படத்தைப் பரிந்துரைக்கலாம். ராமாவுக்கு எதிரே நிற்கும் கொலையாளியாக நடிப்பவர் செச்செப் ஆரிஃப் ரஹ்மான், உண்மை வாழ்வில் சிலாட் ஆசிரியர். வெளுத்த ஒளியும் எஃகு மேசைகளும் உள்ள அந்த அறையில் இருவரும் முதலில் வெறுங்கையால் மோதுகிறார்கள். இருவருக்கும் ஒரே கலை தெரியும் என்பதால் ஒருவர் தொடங்கும் பிடியை மற்றவர் பாதியிலேயே உணர்ந்து உடைக்கிறார். சண்டை ஓய்ந்து, இருவரும் மூச்சு வாங்கி, மீண்டும் தொடங்குகிறது. பிறகு அந்தக் கொலையாளி கெராம்பிட் எனும் வளைந்த சிறு கத்திகள் இரண்டை எடுக்கும்போது அதுவரை இருந்த சமநிலை போய்விடுகிறது. அந்தக் கத்தியின் வளைவு வெட்டுவதற்கு மட்டுமின்றி எதிராளியின் கையையோ கழுத்தையோ கொக்கியாகப் பற்றி இழுப்பதற்கும் உதவுவது. இக்காட்சி அதன் ஒவ்வொரு பயனையும் காட்டுகிறது. இந்த நேரத்தில் ராமாவுக்கு மறைக்க எதுவும் மிச்சமில்லை. யுதா என்ற பெயரில் இத்தனை காலம் அடக்கிவைத்த உடல் முழுதாக வெளிப்படுவது இங்கேதான். நடுப்பகுதியின் தளர்வை நான் மன்னித்தது இதனால்தான்.

வன்முறையின் அளவைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. எலும்பு முறிவதும் முகம் சிதைவதும் நெருக்கத்தில் காட்டப்படுகின்றன. மலேசியாவில் இந்தக் காரணத்தாலேயே படம் தடை செய்யப்பட்டது. சிறுவர்கள் இருக்கும் வீட்டில் அவர்கள் உறங்கிய பிறகும் ஒலியைக் குறைத்தே பார்க்க வேண்டும். ஆங்கில டப்பிங்கைத் தவிர்த்து இந்தோனேசிய ஒலியுடன் சப்டைட்டில் வைத்துப் பார்ப்பது நல்லது. உக்கோவும் பாங்குனும் பேசும் காட்சிகளின் பணிவும் எரிச்சலும் டப்பிங்கில் காணாமல் போகின்றன. முதல் படத்தைப் பார்க்காதவர்களுக்கும் கதை புரியும். இருந்தாலும் 101 நிமிடமே ஓடும் அதை முதலில் பார்த்துவிட்டு, ஓரிரு நாள் இடைவெளி விட்டு இதற்கு வருவதே சரி. இரண்டையும் ஒரே அமர்வில் பார்த்தால், சமையற்கூடத்துக்கு வந்து சேரும்போது கண் களைத்திருக்கும்.