லீ-என்ஃபீல்டு நம்பர் 4: குறி சிதறினால் முதலில் மரத்தைப் பாருங்கள்

ராணுவக் கையிருப்பிலிருந்து வெளிவந்த .303 லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைபிள் 100 கஜத்தில் ஐந்தாறு அங்குலத்துக்குச் சிதறிச் சுட்டால், வாங்கியவர் உடனே பேரல் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார். நீண்டகாலம் இதைப் புழங்கிய அனுபவம் வேறு. எண்பது ஆண்டு காய்ந்து சுருங்கிய முன்கட்டைதான் (பேரலைக் கீழிருந்து தாங்கும் மரம்) இந்த ரைபிளின் பெரிய நோய். பேரலின் முறை அதற்குப் பிறகே வரும்.

மேகசினைக் கழற்றி, அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துவிட்டு, ட்ரிக்கர் கார்டின் முன் ஸ்குரூவிலிருந்து தொடங்குங்கள். இந்த ஸ்குரூ போகும் துளைக்குள் சிறிய இரும்புக் குழாய் ஒன்று செருகியிருக்கும். மரம் அளவுக்கு மீறி நசுங்காமல் இருக்கவே அதை வைத்தார்கள். மரம் சுருங்கும்; இரும்பு சுருங்காது. அதனால் ஸ்குரூவை எவ்வளவு முடுக்கினாலும் பிடிப்பெல்லாம் குழாயிலேயே நின்றுவிட, கட்டை உள்ளே தளர்ந்து கிடக்கும். பேரலையும் மரத்தையும் சேர்த்துக் கட்டும் வளையங்களைக் கழற்றி, ஸ்குரூவை முழுக்க முடுக்கி, முன்கட்டையை அசைத்துப் பாருங்கள். ஆடினால் குழாயின் ஒரு முனையைக் கொஞ்சங் கொஞ்சமாக அரத்தால் தேய்த்து, ஸ்குரூ இறுகும்போது மரமும் லேசாக அமுங்கும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டுக் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் மரம் நசுங்கும். புதுக் குழாய்தான் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது பின்னுதைப்பைத் தாங்கும் இடம். முன்கட்டையின் பின்முனையில், பின்கட்டை செருகும் பட் சாக்கெட்டுக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் மரம் ரிசீவரோடு (போல்ட் ஓடும் இரும்பு உடல்) முட்டி நிற்கும். இரு பக்கமும் ஒரே அளவு முட்ட வேண்டும். ரிசீவரில் விளக்குக் கரியைப் பூசி, கட்டையை மாட்டிக் கழற்றினால் எது முட்டுகிறது, எது முட்டவில்லை என்று தெரிந்துவிடும். எண்ணெய் ஊறி மெத்தென்று ஆன மரத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, கெட்டியான மரத்துண்டை எபாக்சியால் ஒட்டிச் சமன் செய்வதே நிலைத்து நிற்கும் வழி. ஒரு பக்கம் மட்டும் முட்டும் ரைபிள் பெரும்பாலும் குறுக்குவாக்கில் சிதறும். இன்னொன்று: கட்டையைக் கழற்றும்போது முன்முனையைப் பிடித்துக் கீழே இழுக்காதீர்கள், பின்மரம் பிளந்துவிடும். முழு நீளத்தையும் ஒருசேர இறக்க வேண்டும்.

பேரல் எங்கே மரத்தைத் தொடலாம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இன்றைய வேட்டை ரைபிளைப் போல முழுக்க விடுவித்துவிட்டால் சரியாகிவிடும் என்று உள்ளே சுரண்டிவிடுகிறார்கள். நம்பர் 4-ஐ அப்படி வடிவமைக்கவில்லை. அறையை ஒட்டிய தடித்த பகுதியும் கட்டையின் முன்நுனியும் தொட வேண்டும். நடுவில் காகிதத் துண்டு தடையின்றி ஓட வேண்டும். முன்நுனியில் மரம் பேரலை மேல்நோக்கி மூன்று முதல் ஐந்து பவுண்டு விசையில் தாங்க வேண்டும். சோதிப்பது எளிது: நுனியில் ஒரு காகிதத்தைச் செருகி, பேரல் முனையில் ஸ்பிரிங் தராசை மாட்டி மேலே இழுங்கள்; காகிதம் நழுவும் கணத்தில் தராசு காட்டுவதே அந்த விசை. ஒன்றுமே காட்டாவிட்டால் நுனியில் மெல்லிய அட்டையை வைத்துச் சுட்டுப் பாருங்கள். குறி கூடிவந்தால், அதே இடத்தில் நிரந்தரமாக மரத்துண்டு ஒட்டலாம். பேரல் சூடாகும்போது குறி மெல்ல ஏறிக்கொண்டே போனால், நடுவிலோ பேரலை மூடும் மேல்மரத்திலோ எங்கோ உரசுகிறது என்று பொருள்.

மார்க் 1 வகையில் ட்ரிக்கர், கார்டிலேயே தொங்குகிறது. ஆகவே மரம் சுருங்கினால், இரண்டு கட்டமாக இழுபடும் இந்த ட்ரிக்கரின் இரண்டாம் கட்ட இழுப்பும் மாறிவிடும். மார்க் 2-வில் ட்ரிக்கரை ரிசீவருக்கே மாற்றியது இதனால்தான். நல்ல மாற்றம் அது.

மரம் சரியான பிறகே பேரல். சுடுமுனையில் குறுக்குவெட்டாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள். துடைக்கும் கயிற்றைச் சாய்த்து இழுத்த பழக்கத்தால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கலாம். மருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாவின் குண்டை முனையில் நுழைத்தால், பித்தளை உறையின் வாய்வரை இறங்கி ஆடக்கூடாது. உள்ளே செம்புப் படிவு பச்சை நீலமாகக் கரைந்து வருவது நிற்கும்வரை சுத்தம் செய்யுங்கள். பேரல் செத்தது என்று சொல்லப்பட்டவற்றில் சில இதிலேயே உயிர்பெற்றிருக்கின்றன. பழைய தோட்டாக்களின் பிரைமர் விட்டுச்செல்லும் உப்பு எண்ணெயில் கரையாது. சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் இடுங்கள்.

குண்டின் விட்டம் பெரிய விஷயம். இந்த ரைபிள்களில் பேரலின் உட்சுவரில் சுழன்றோடும் பள்ளத்தின் விட்டம் .311 முதல் .315 அங்குலத்தையும் தாண்டி வேறுபடுகிறது. மென்மையான ஈய உருண்டையை எண்ணெயிட்டுப் பித்தளைக் கம்பியால் பேரலுக்குள் தள்ளி, வெளிவரும் உருண்டையை அளந்துகொள்ளுங்கள். இரண்டு பள்ளப் பேரலில் நேராக அளக்கலாம்; ஐந்து பள்ளத்துக்கு எதிரெதிரே பள்ளம் அமையாது, வி-வடிவ மைக்ரோமீட்டர் வேண்டும். அகன்ற பேரலுக்கு .312 அளவுள்ள தட்டையடிக் குண்டே பொருந்தும். மார்க் 7 தோட்டாவின் 174 கிரெயின் குண்டும் தட்டையடிதான். அடிப்பக்கம் குறுகும் படகுவால் குண்டு தேய்ந்த பேரலில் நன்றாகப் பிடிக்காது.

போல்ட் தலையை மாற்றி ஹெட்ஸ்பேஸை (தோட்டாவின் விளிம்புக்காகப் போல்ட் முகத்துக்கும் பேரலுக்கும் இடையே விடும் இடைவெளி) இறுக்கினால் குறி கூடும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை; அது உறையின் ஆயுளைக் காக்கும், பாதுகாப்புக்கு .064 முதல் .074 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவே. முன்குறி (பேரல் முனையில் குறிபார்க்கும் தகடு) அதன் அடிக்கட்டையில் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குறி உயரம் சரியில்லையென்றால் அரம் வேண்டாம்; .015 அங்குலப் படிகளில் வெவ்வேறு உயர முன்குறிகள் உண்டு.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து தோட்டா வீதம் மூன்று வட்டம் சுட்டு, ஒரே நாளில் ஒரே தொகுதித் தோட்டாவில் ஒப்பிடுங்கள். சீர்செய்த நம்பர் 4 நல்ல தோட்டாவில் 100 கஜத்தில் இரண்டு முதல் மூன்று அங்குலம் தரும். மழைக்காலம் முடிந்து மரம் காயும்போது முன் ஸ்குரூவையும் நுனி விசையையும் மறுபடி சோதியுங்கள்.